பியூசியா நுனியை வேர்பிடிக்க வைத்தலும் சட்டி மாற்றுதலும்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவுக்குப் போய்வருகிறவர்களின் கையில் லீக்ஸ், கரட் கட்டுகளோடு, சிமிக்கிபோல் பூ தொங்கும் பியூசியாச் செடியின் கொப்பும் கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் இறங்குகிறது. இரண்டு கிழமை கழித்து அது பட்டுப்போன செய்தியும் வந்துவிடுகிறது. என் படலையில் நின்று பலர் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தச் செடியோடு மல்லுக்கட்டுகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் கொன்ற கணக்குத்தான்.

மட்டக்களப்பில் பியூசியா வளருமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

வளரும், ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே முகத்தோடு நிற்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில்தான். நாமோ வாவியின் விளிம்பில், 27, 28 பாகைச் சராசரியில் குடியிருக்கிறோம். பியூசியாவுக்கு 18 முதல் 22 பாகை வரை இன்பம். 27ஐத் தாண்டினால் மொட்டு உதிரும், 30ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். அதனால் இங்கே அது மாரி காலத்து விருந்தாளி. மார்கழியில் வந்து, பங்குனியில் பூத்து, வைகாசியில் முகம் சுளிக்கும். அந்த ஐந்து மாதம் போதும் என்பவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம். பன்னிரண்டு மாதமும் பூ வேண்டும் என்பவர்களுக்குச் செவ்வரத்தை இருக்கிறது.

எல்லா பியூசியாவும் ஒன்றுதானா? எதைத் தேடி எடுப்பது?

ஒன்றல்ல. ஏறத்தாழ நூறு இனங்கள், ஆயிரக்கணக்கான கலப்பு வகைகள். பெரும்பாலானவை நடு அமெரிக்க, தென் அமெரிக்க மலைகளுக்கு உரியவை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சார்ல்ஸ் புளுமியே என்ற பிரெஞ்சுத் துறவி கரீபியன் தீவொன்றில் இதைக் கண்டார். 1703இல் வெளியிட்டபோது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமான லெயோன்ஹார்ட் புக்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அவர் கண்ட அந்த முதல் இனம்தான் நமக்கு முக்கியம். அதன் வழிவந்த வகைகளின் பூ பாவாடை விரித்ததுபோல் இராது. செம்மஞ்சள் நிறத்தில் நீண்ட குழல்களாகக் கொத்தாகத் தொங்கும். இலையின் அடிப்பக்கம் பெரும்பாலும் ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். வெயிலையும் வெக்கையையும் மற்றவற்றைவிட இவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன. 1905இல் ஜெர்மனியில் உருவான கார்ட்டன்மைஸ்டர் பொன்ஸ்டெட் இந்தக் குடும்பத்தின் பேர்போன பிள்ளை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குழலையும் இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்து எடுங்கள். ரோசாப்பூப்போல் அடுக்கடுக்கான இதழோடு கொழுத்துத் தொங்குவதைத்தான் எல்லோரும் ஆசைப்பட்டு முறிக்கிறார்கள். நம்மூரில் முதலில் போய்ச் சேருவதும் அதுதான்.

ஒரு முழம் நீளத்துக்கு நல்ல பருத்த கொப்பாகத்தான் கொண்டுவந்து நட்டேன். ஏன் பட்டுப்போயிற்று?

பருத்த கொப்பாக இருந்ததால்தான். நம் கை வேலிக் கதியாலுக்குப் பழகிய கை. பூவரசு, கிளிசிரிடியா, முருங்கை, மரவள்ளி எதுவானாலும் முற்றிய தடியாகப் பார்த்து, நீளமாக வெட்டி, ஆழமாக இறக்கினால் துளிர்க்கும். அந்தத் தடிகளுக்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. அதைத் தின்றுகொண்டே வேர் வரும்வரை அவை காத்திருக்கும். பியூசியாவின் முற்றிய கொப்பு அப்படிக் காத்திருப்பதில்லை. அதன் வேர் விடும் சுறுசுறுப்பெல்லாம் நுனியில், பச்சை மாறாத இளந்தண்டில் இருக்கிறது. ஒரு முழக் கொப்பில் பத்து இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்க, கீழே குடிக்க ஒரு வேர்கூட இல்லை. மூன்றாம் நாள் அது தொங்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் எந்தத் துண்டை, எப்படி வெட்டுவது?

உங்கள் சுண்டுவிரல் நீளம், அவ்வளவுதான். ஐந்திலிருந்து எட்டுச் சென்ரிமீற்றர். பூவோ மொட்டோ இல்லாத நுனி சிறந்தது. எல்லா நுனியிலும் மொட்டு இருந்தால் கிள்ளிவிட்டு எடுங்கள். இரக்கம் பார்க்காதீர்கள், அந்த மொட்டு வேருக்குப் போகவேண்டிய பலத்தைத் தின்றுவிடும்.

காலையில், செடி நீர் குடித்து நிமிர்ந்து நிற்கும்போது வெட்டவேண்டும். புதிய சவர பிளேட்டால், இலை முளைத்த கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே இழுப்பு. கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடம் அழுகும். கீழ்ச்சோடி இலையை அகற்றுங்கள். மேலே இரண்டு சோடி இலையும் குருத்தும் இருந்தால் போதும். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம்.

நுனி தட்டுப்பாடாக இருந்தால் ஒரு தந்திரம்: ஒரு கணு, அதில் ஒரு சோடி இலை, கீழே ஒரு சிறு தண்டு என்று இளங்கொப்பைத் துண்டு துண்டாக்கினாலும் ஒவ்வொன்றும் வேர்விடும். நுனியைவிட ஒரு கிழமை பிந்தும்.

மலையிலிருந்து இங்கே வருவதற்குள்ளேயே வாடிவிடுகிறதே?

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியா, ஹக்கல, வெலிமடை, பதுளை, பிபிலை, மஹாஓயா என்று இறங்கிச் செங்கலடியில்தான் முடிகிறது. செடியின் வீட்டையும் நம் வீட்டையும் ஒரே வீதி இணைக்கிறது என்பது எனக்கு இன்றும் ஒரு சின்ன மகிழ்ச்சி. ஆனால் அந்த வீதியில் இறங்கும்போது பஸ்ஸின் உள்ளே ஏறும் வெக்கை இருக்கிறதே, அது மகிழ்ச்சி தருவதில்லை. முதல்முறை நான் கொப்புகளைச் சொப்பிங் பையில் போட்டுக் கண்ணாடியோரம் வைத்திருந்தேன். மஹாஓயாவில் தேநீருக்கு இறங்கும்போது பார்த்தால், பைக்குள் அவித்த கீரை.

இப்போது செய்வது இது. வெட்டிய நுனிகளை நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சோற்றுப்பெட்டியில் அடுக்கி, பெட்டியைத் துவாய்க்குள் பொதிந்து பயணப்பையின் நடுவில் வைக்கிறேன். தாள் ஈரமாக இருக்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. வீடு சேர்ந்ததும் அடியில் அரைச் சென்ரிமீற்றரைப் புதிதாக வெட்டிவிட்டு நட்டுவிடுவேன். இரவாகிவிட்டால் பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் காலைவரை வைக்கலாம். மேல்தட்டில் வைத்தால் உறைந்துவிடும்.

ஹக்கல தோட்டத்தில் ஒன்றிரண்டு முறித்தால் யாருக்குத் தெரியும்?

1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில் பார்க்கத்தான் அனுமதி, முறிக்க அல்ல. வழிநெடுக வீட்டு முற்றங்களிலும் நாற்றுக் கடைகளிலும் இந்தச் செடி நிற்கிறது. கேட்டால் கொடுக்கிறார்கள். திருடிய கொப்புத்தான் நன்றாக வரும் என்று நம் மாமிமார் சொல்லும் சமாதானத்தை நான் சோதித்துப் பார்த்ததில்லை.

எந்த மாதம் நடவேண்டும்?

மார்கழி நடுவிலிருந்து மாசி நடுப்பகுதி வரை. அந்த நாட்களில்தான் இங்கே பகல் 28 பாகையை ஒட்டி நிற்கிறது, இரவு 23, 24க்கு இறங்குகிறது. மழை நாளென்றால் இன்னும் நல்லது, கூரையின் கீழ் வைத்திருந்தால். சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கும்வேளையில் யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கி நன்றி சொல்லுங்கள். நட்டுவிட்டு நம்பிக்கை வைக்காதீர்கள்.

எந்த மண்ணில் ஊன்றுவது? வீட்டு முற்றத்து மண் போதாதா?

போதாது. தண்டு வேர்விட மண் தேவையில்லை. ஈரமும் காற்றும் ஒன்றாக இருக்கும் ஓர் இடம் தேவை. தும்புத்தூள் ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு என்பது என் கணக்கு. அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு அரிசி ஆலை அருகில் இருக்கிறது, உமிக்கரி எளிதாகக் கிடைக்கும். மணலில் பாதிக்குப் பதிலாக அதைச் சேர்த்தால் கலவை இலேசாகும், அழுகலும் குறையும். கூட்டெருவும் மாட்டெருவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வேரில்லாதவனுக்கு விருந்து வைத்தால் பூஞ்சணம்தான் வந்து சாப்பிடும்.

தும்புத்தூளில் ஒரு கண்ணி இருக்கிறது. மட்டையை வாவித் தண்ணீரில் ஊறப்போட்ட இடத்துத் தூளென்றால் உப்பு நிறைந்திருக்கும். இரவு முழுவதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து கொட்டி, மறுபடியும் ஊறவையுங்கள். மூன்று முறை. பிழிந்த நீர் தேநீர் நிறத்திலிருந்து வெளிறிவரும்போது நிறுத்தலாம்.

கடற்கரை மணல் பயன்படுத்தலாமா? வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் நுண்மணல் நெருங்கி இறுகிவிடும், காற்று நுழையாது. கழுவாவிட்டால் உப்பு வேறு.

எதில் ஊன்றுவது? மூடி வேண்டுமா?

தயிர்ச்சட்டி. இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதைவிட நல்ல நாற்றுப் பாத்திரம் வேறில்லை. அகலம் உண்டு, ஆழம் குறைவு, மண் சட்டியாதலால் பக்கமெல்லாம் மூச்சுவிடும், நீர் ஆவியாகி உள்ளே குளிரும். கொதிநீரில் ஊறவைத்துக் கழுவிப் பாலாடை மணத்தைப் போக்குங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, ஆணியைக் கையால் சுழற்றிச் சுழற்றி அடியில் மூன்று துளை போடலாம். உலர்ந்த சட்டியில் சுத்தியலால் அடித்தால் இரண்டு அரைச்சட்டிகள் கிடைக்கும்.

ஒரு சட்டியில் எட்டுப் பத்து நுனிகள். கலவையில் ஈர்க்கால் துளையிட்டு, கீழ்க்கணு உள்ளே மறையும் அளவுக்கு இறக்கி, விரலால் மெல்ல அணையுங்கள். இலையும் இலையும் முட்டவேண்டாம்.

மூடிக்கு, அடிவெட்டிய ஒன்றரை லீற்றர்ப் போத்தலோ ஒளி புகும் பொலித்தீன் பையோ போதும். வேர் இல்லாத தண்டு இலை வழியாக இழக்கும் நீரை மூடிக்குள் நிற்கும் ஈரக்காற்றுத்தான் மட்டுப்படுத்துகிறது. போத்தலென்றால் தக்கையைத் திறந்தே விடுங்கள். பையென்றால் காலையில் பத்து நிமிடம் கழற்றி உள்ளே கோத்த நீரை உதறுங்கள். இங்கே காற்றே பாதி நீராக இருக்கும் மாரியில், முழுக்க மூடினால் மூன்றே நாளில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் நாளில் திறந்து வைத்தால் ஒரே பகலில் கருகும். நுவரெலியாக்காரர் யாரோ சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே இங்கே செய்யாதீர்கள்.

வெயில் வேண்டாமா?

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். மூடிய போத்தலின் மீது அரைமணி நேர வெயில் பட்டாலே உள்ளே அடுப்புத்தான். வடக்குப் பக்கத்துத் திண்ணை, அல்லது மாமரத்தின் அடர்நிழல்.

இந்த வெக்கையில் சட்டியைக் குளிராக வைக்க வழி உண்டா?

உண்டு, பானைத் தண்ணீர் குளிர்வதன் அதே கணக்கு. பெரிய மண்பானையொன்றின் உள்ளே தயிர்ச்சட்டியை வைத்து, இடைவெளியில் ஈரமணல் நிரப்புங்கள். காலை மாலை மணலை மட்டும் நனையுங்கள். பானையின் வெளிச்சுவரில் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் நன்றாக வேலை செய்யும். அடைமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பயன் குறைவு. ஆனால் அடைமழையில் அது தேவையுமில்லை.

வேர் வளர்க்கும் ஹோர்மோன் கட்டாயமா? இளநீர், தேன், கற்றாழை என்கிறார்களே?

பியூசியாவுக்கு எதுவும் கட்டாயமில்லை, அது சும்மாவே வேர்விடும் சாதி. தூள் கையிலிருந்தால் இளந்தண்டுக்கு உரியதை, அதாவது இன்டோல் பியூட்ரிக் அமிலம் 0.1 சதவீதம் அளவில் உள்ளதை, நுனியில் தொட்டுத் தட்டிவிடுங்கள். முற்றிய தடிக்குரிய வலுவான தூள் இளந்தண்டைச் சுட்டுவிடும்.

இளநீரைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. அதில் வளர்ச்சிப் பொருட்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் பேர்போனது சைற்றோகைனின். அது குருத்தைத் தூண்டும், வேரை மட்டுப்படுத்தும். கூடவே சர்க்கரை, அதற்குப் பூஞ்சணம். இளநீரை நீங்கள் குடியுங்கள். தேனில் வேரைத் தூண்டும் பொருள் எதுவுமில்லை. கற்றாழையால் கெடுதல் காணவில்லை, பூசியதற்கும் பூசாததற்கும் என் சட்டியில் வேறுபாடும் காணவில்லை.

தண்ணீர்ப் போத்தலில் போட்டால் வேர் வருமா?

வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும். பிள்ளைகளுக்குக் காட்ட அழகான காட்சி. ஆனால் தண்ணீரில் வந்த வேர் எளிதில் முறியும், மண்ணுக்கு மாறும்போது தடுமாறும். வேர் ஒரு சென்ரிமீற்றர் ஆனவுடன் மாற்றிவிடுங்கள். நீண்டு சிக்கலாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விடயம் நுளம்பு. டெங்கு நுளம்பு தேங்கிநிற்கும் தெளிந்த நீரில் முட்டையிடும், ஒரு கிழமை சொச்சத்தில் பறக்கும். போத்தல் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். பூச்சாடிகளின் அடித்தட்டும் அப்படியே. மழைக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையைத் திறந்ததும் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் தட்டைத்தான். நான் தட்டே வைப்பதில்லை. சட்டிக்குக் கீழே இரண்டு ஓட்டுத்துண்டு, தண்ணீர் தரையில் போகட்டும்.

வேர் வந்துவிட்டதை எப்படி அறிவது?

பிடுங்கிப் பார்க்காமல். மலையில் இரண்டு மூன்று கிழமை, இங்கே என் கணக்கில் மூன்றிலிருந்து நான்கு. குருத்தின் நிறம் வெளிர்ப்பச்சையாகி ஒரு புதிய சோடி இலை விரியும். அப்போது தண்டை இரு விரலால் மிக மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கலவை கூடவே அசைந்தால் உள்ளே பிடி இருக்கிறது. முதல் கிழமையில் பச்சையாக நிமிர்ந்து நிற்பதை வேர் என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். அது தண்டின் கையிருப்பு.

அடித்தண்டு கறுத்து மென்மையாகிவிட்டது. காப்பாற்றலாமா?

அந்தத் துண்டை இல்லை. அழுகல் மேலே ஏறியிராவிட்டால் மேல்நுனியை மட்டும் வெட்டிப் புதிய கலவையில் மறுபடி ஊன்றலாம். சட்டியில் கிடக்கும் விழுந்த இலைகளை எடுத்துவிடுங்கள், கலவையைக் கொட்டிவிடுங்கள். காரணம் பத்தில் ஒன்பது முறை ஒன்றுதான்: தினமும் ஊற்றியது. ஊன்றிய அன்று நன்றாக நனைத்தால், மூடிக்குள் அடுத்த தண்ணீர் ஒரு கிழமைக்குப் பின்தான் தேவைப்படும்.

வேர் வந்தவுடன் பெரிய சாடிக்கு மாற்றிவிட்டேன். பத்து நாளில் செத்துவிட்டது. என்ன பிழை?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். வேர்பிடிக்க வைப்பதில் தோற்றவர்களைவிட, வேர்பிடித்த பிள்ளையைச் சாடியில் கொன்றவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கூட்டம்.

நடந்தது இதுதான். உங்கள் கன்றின் வேர் ஒரு கோழிமுட்டை அளவு. சாடியோ அரை வாளி. ஊற்றிய தண்ணீரில் வேர் எட்டும் பங்கைச் செடி குடித்தது, மற்றது சுற்றியுள்ள மண்ணில் அப்படியே நின்றது. வேர் போகாத மண்ணை உலர்த்த யாருமில்லை. நம் வெக்கையில் நின்ற ஈரம் இரண்டு நாளில் புளித்துக் காற்றை இழக்கும். புதிய வேர் வெளியே நீண்டு அதைத் தொட்டதும் அழுகும். மேலே இலை வாடும். வாடியதைப் பார்த்து நீங்கள் இன்னும் ஊற்றியிருப்பீர்கள்.

முதல் வீடு யோகட் கோப்பை அளவு: ஏழிலிருந்து ஒன்பது சென்ரிமீற்றர் அகலம். யோகட் கோப்பையையே சூடான ஆணியால் நான்கு துளையிட்டுப் பயன்படுத்தலாம். அதற்குள் வேர் சுவரைத் தொட்டுச் சுற்றத் தொடங்கியதும் பன்னிரண்டு சென்ரிமீற்றர்ச் சட்டி. அதன்பின் பதினைந்து, பதினாறு. இங்கே அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. கீழ்த்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்ப்பது ஓர் அறிகுறி. இன்னும் நல்லது, தண்டை இருவிரல் இடையில் பிடித்துச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பது. மண் உதிர்ந்தால் நேரமாகவில்லை. வலை போட்டதுபோல் வேர் தெரிந்தால் நேரம். பழுப்பு நிறத்தில் கயிறாகச் சுற்றியிருந்தால் பிந்திவிட்டீர்கள்.

சட்டி மாற்றும் நாளில் என்ன செய்யவேண்டும்?

மாலையில் செய்யுங்கள், வெயில் இறங்கிய பிறகு. இரண்டு மணி நேரத்துக்கு முன்பே செடிக்குத் தண்ணீர் காட்டியிருக்கவேண்டும்; வேரோடு மண் ஒட்டிக்கொண்டு வரும். கலவையில் இப்போது கூட்டெரு சேரலாம்: நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மணலும் உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. மக்காத எரு இருந்தால் கைபட்டுப் பார்த்தாலே சூடு தெரியும். அது வேரை அவிக்கும்.

தயிர்ச்சட்டியிலிருந்து கன்றுகளைத் தேக்கரண்டியின் காம்பால் கிளப்புங்கள். இலையைப் பிடித்துத் தூக்கலாம், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும். முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வைத்து, கலவையைச் சுற்றிலும் தூவி, சட்டியைத் தரையில் இரண்டு முறை தட்டுங்கள். அவ்வளவுதான். கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி இறுக்குவது தென்னம்பிள்ளைக்குச் சரி, இந்த மெல்லிய வேருக்கு அது மிதி. ஒருமுறை நனைத்து, அடியால் நீர் வந்ததும் நிறுத்துங்கள். ஒரு கிழமை ஆழ்நிழல்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் நண்பகலில் இலை தொங்குகிறது. தண்ணீர் ஊற்றவா?

ஊற்றாதீர்கள். வெக்கை கூடும்போது இலை வெளியேற்றும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் பியூசியா தலையைத் தொங்கவிடும். மாலையில் அதுவாகவே நிமிரும். விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமென்றால் சட்டியைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோங்கள், இலை மீது நீர்ப்புகை தெளியுங்கள், சுற்றியுள்ள தரையை நனையுங்கள். மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால்தான் கவலை. அப்போது கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பொறுத்திருங்கள், பழுப்பாகக் குழைந்தால் மேல்நுனியை வெட்டி மறுபடி தயிர்ச்சட்டிக்குப் போங்கள்.

என் அடுத்த வீட்டு அக்கா இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, "தொங்குகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வராது" என்றார். மூன்று சட்டி போனபின் மனம் வந்தது.

கிணற்று நீர் ஊற்றலாமா?

வாவிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்கள் கோடையில் தங்கள் கிணற்றுநீரை நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். கரித்தால் வேண்டாம். உவர்நீர் பட்ட இலையின் ஓரம் காகிதம் எரிந்ததுபோல் பழுப்பாகும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீரை வாளியில் ஓர் இரவு வைத்திருந்து ஊற்றலாம். எல்லாவற்றிலும் நல்லது மழைநீர். மூடியுள்ள பீப்பாயில் சேமியுங்கள். நுளம்புக் கதை இங்கேயும் உண்டு.

நுனி கிள்ளவேண்டுமா? பூ பிந்துமே?

பிந்தும். மூன்று சோடி இலை வந்ததும் குருத்தைக் கிள்ளினால், ஒவ்வொரு கக்கத்திலிருந்தும் கிளை வரும், செடி பற்றையாகும். கிள்ளிய நாளிலிருந்து பூ வர ஏறத்தாழ எட்டுக் கிழமை, அடுக்குப்பூ வகைக்குப் பத்து, நீண்ட குழல் வகைக்கு இன்னும் கொஞ்சம். குளிர்நாட்டவர்கள் மூன்று நான்கு முறை கிள்ளுகிறார்கள். அவர்களுக்குக் காலம் இருக்கிறது. நமக்குக் கச்சான் வருவதற்குள் பூ பார்க்கவேண்டும். ஒருமுறை கிள்ளுங்கள், அதோடு விடுங்கள். கிள்ளிய குருத்தை எறியாதீர்கள், அது அடுத்த நடுகை.

பசளை?

சட்டி மாற்றி ஒரு மாதம் ஒன்றும் வேண்டாம். அதன்பின் கிழமைக்கு ஒருமுறை, பொட்டலத்தில் சொன்னதில் நான்கில் ஒரு பங்கு, ஈரமண்ணில் மட்டும். வாடிநிற்கும் செடிக்குப் பசளை கொடுப்பது காய்ச்சல்காரனுக்குப் புரியாணி கொடுப்பது.

இலையின் அடியில் செம்மஞ்சள் தூள், வெள்ளை ஈ இரண்டும் தெரிகின்றன.

தூள் என்பது துருநோய். அந்த இலைகளைப் பறித்து எரியுங்கள், சட்டிகளைத் தள்ளி வையுங்கள், மாலையில் இலையை நனைக்காதீர்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் பூசித் தொங்கவிடுவேன். கூடினால், சவர்க்காரம் சிறிதளவு கரைத்த நீரை இலையின் அடிப்பக்கம் படும்படி காலையில், வெயில் ஏறுமுன் தெளிப்பேன். மலையிலிருந்து கொண்டுவரும்போதே இலையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டும் செங்கலடியைத் தாண்டாது.

வைகாசி வந்துவிட்டால் செடியை என்ன செய்வது?

பூவை மறந்துவிட்டு உயிரைக் காப்பாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, சட்டியை ஈரமணல் பானைக்குள் இறக்கி, கிணற்றடி வாழைகளின் நடுவில் வைப்பேன். என் வீட்டில் மிகக் குளிரான இடம் அதுதான். பசளை நிறுத்தம், தண்ணீர் மேல்மண் உலர்ந்த பிறகு மட்டும். குழல் வகையில் பாதிக்கு மேல் புரட்டாதிவரை பிழைத்துக்கொள்கின்றன. அடுக்குப்பூ வகையில் எனக்கு இதுவரை ஒன்று பிழைத்தது. பண்டாரவளையிலோ வெலிமடையிலோ உறவினர் இருந்தால் பங்குனியிலேயே நான்கு நுனிகளை அவர்களிடம் அனுப்பிவிடுங்கள். மார்கழியில் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, ஆடு தின்னுமா? நஞ்சா?

நஞ்சில்லை. பழத்தைக்கூட மனிதர் தின்னலாம். ஆடு தாராளமாகத் தின்னும். போன மாசியில் அடுத்த வீட்டுக் கிடாய் படலை இடுக்கால் தலையை நுழைத்து என் சட்டியொன்றின் குருத்தைக் கடித்துவிட்டது. நான் கிள்ள மறந்திருந்த செடி அது. கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு கிளைகள் வந்தன.